புள்ளி போன கதை

பதினேழு நாளுக்குப் பிறகு பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்ட அண்டைக்கு விடிய முதல் பிரச்சினை தலைமயிர்தான். ரெட்டைப் பின்னல் பின்னிக்கொண்டிருந்த அம்மா பாதியில நிப்பாட்டிப்போட்டு சீப்பைப் பாத்தா, பிறகு என்ரை தலையைப் பாத்தா, ஒண்டும் சொல்லாம சீப்பில இருந்ததைச் சுருட்டி யன்னலுக்கால எறிஞ்சிட்டுத் திரும்பப் பின்னத் தொடங்கினா. முந்தி ரெண்டு சுத்தில இறுகிற ரிபன் இப்ப மூண்டு சுத்துச் சுத்தியும் வழுக்கிக்கொண்டு கீழ வருது. கடைசில ரிபனுக்கு உள்ளால ஒரு கறுப்பு றப்பர் பாண்ட் போட்டுத்தான் நிண்டது. சப்பாத்து வேற காலுக்குப் பெரிசான மாதிரி, சட்டை தோளில தூங்குது, கண்ணாடியில பாத்தா ஆரோ ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை என்ரை ரையைக் கட்டிக்கொண்டு நிக்கிற மாதிரிக் கிடக்கு. சைக்கிளில போறன் எண்டன், அப்பா ஒரு பார்வை பாத்தார், நான் பேசாமப் போய் மோட்டச்சைக்கிளில ஏறி இருந்திட்டன்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னம் வந்த காய்ச்சல் அது. முதல் ரெண்டு நாளும் மழையில நனைஞ்சது எண்டு சொல்லி கொத்தமல்லி அவிச்சுத் தந்துகொண்டிருந்தினம், மூண்டாம் நாள் கண்ணுக்குப் பின்னால குத்தத் தொடங்க அப்பா கொண்டுபோய் ரத்தம் குடுத்துப் பாத்தார், டெங்கு. இஞ்ச யாழ்ப்பாணத்தில மார்கழி தை எண்டா அதுதானே சீசன், மாரி மழை விட்டு வெள்ளம் வத்திற நேரம் பாத்து நுளம்பும் வெளிக்கிடும். வாட்டில ஆறு நாள். அதில எனக்கு ஞாபகம் இருக்கிறது ரெண்டே ரெண்டு விசயம்தான், ஒண்டு, குடிக்கிற ஒவ்வொரு மிடறையும் மில்லிலீற்றரில அளந்து எழுதச் சொன்னது, உள்ள போறதும் எழுதவேணும் வெளிய போறதும் எழுதவேணும், அம்மா கணக்குப்பிள்ளை மாதிரி பேனையைக் காதில செருகிக்கொண்டு பக்கத்தில இருந்தா. மற்றது சாப்பாடு. சிவப்பு, மண்ணிறமா இருக்கிற ஒண்டும் குடுக்கக்கூடாது, சத்தி எடுத்தா அது ரத்தமோ சாப்பாடோ எண்டு தெரியாமப் போயிடும் எண்டு நேர்ஸ் சொல்லிப்போட்டா. பொங்கலண்டைக்கு அம்மம்மா வீட்டில சிவப்புப் பச்சை அரிசியில சக்கரை போட்டுப் பொங்கின பொங்கலை டிபன் கேரியரில போட்டு அப்பாட்டைக் குடுத்துவிட்டவ, அது வாட் வாசல் வரைக்கும் வந்து அப்பிடியே திரும்பிப் போச்சு, நான் மணத்தை மட்டும் பிடிச்சுக்கொண்டு இளநி குடிச்சுக்கொண்டு படுத்திருந்தன். இதை நான் மன்னிக்கமாட்டன்.

காய்ச்சல் விட்ட அண்டைக்கு நான் எழும்பி இருந்து சிரிச்சன், டொக்டர் சிரிக்கேல்லை. காய்ச்சல் விட்ட பிறகு வாற ஒண்டு ரெண்டு நாள்தான் கவனம், அப்பதான் சிக்கல் வாறது எண்டார். அண்டைக்கு வந்த ரிப்போட்டை அம்மா வாங்கிப் பாத்தா, பிளேற்லெட், அதுதான் ரத்தத்தட்டு, எண்டு போட்டு நேர 38 எண்டு கிடந்தது. அம்மாவுக்கு ஒண்டரை லட்சத்துக்கு மேல இருக்கவேணும் எண்டு மட்டும் தெரியும். ஒண்டரை லட்சம் இருக்கவேண்டிய இடத்தில முப்பத்தெட்டு! வாட்டில அப்பிடியே நிலத்தில இருந்து நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டு அழத் தொடங்கிட்டா, பக்கத்துக் கட்டில்காரர் எல்லாம் எழும்பி வந்திட்டினம். நேர்ஸ் வந்து அம்மா அது முப்பத்தெட்டாயிரம், ஆயிரக்கணக்கிலதான் போட்டிருக்கு, பக்கத்தில சின்னனா எழுதியிருக்குப் பாருங்கோ எண்டு காட்டினாப் பிறகும் அம்மாவுக்கு நடுக்கம் நிக்கேல்லை. முப்பத்தெட்டாயிரமும் குறைவுதான், ஆனா அம்மா அதைக் கேட்டு நிம்மதியா தேத்தண்ணி குடிச்சா. இந்தக் கதையை நான் ஏன் இவ்வளவு விரிவா எழுதிறன் எண்டா, அண்டைக்கு நான் அம்மாவைப் பாத்து, ஒரு அலகைப் பாக்கமாட்டீங்களோ எண்டு பகிடி பண்ணினனான். பகிடி பண்ணினதுக்கு எனக்குக் கிடைச்சது கீழ வருது.

வீட்டுக்கு வந்த அடுத்த நாள் பி.எச்.ஐ., அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்தவர். அப்பா முற்றம், கிணத்தடி, சிரட்டை, தகரம் எல்லாம் துப்புரவாக்கி வைச்சிட்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு கூட்டிக்கொண்டு போனார், அவர் அதொண்டையும் பாக்காம நேர குசினிக்குள்ள வந்து பிறிட்ஜைக் கொஞ்சம் முன்னுக்கு இழுக்கச் சொல்லி, பின்னால கீழ இருக்கிற தட்டை வெளிய எடுத்தார். ரெண்டு விரல் உயரத்துக்குத் தண்ணி. அதுக்குள்ள நுளம்புக் குடம்பி நெளியுது. அப்பிடி ஒரு தட்டு அங்க இருக்கெண்டே எங்கட வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது. அப்பா அண்டைக்கு முழுக்க ஒருத்தரோடயும் கதைக்கேல்லை.

சரி, பள்ளிக்கூடக் கதைக்கு வாறன்.

பதினேழு நாளில சனி ஞாயிறு, பொங்கல் எல்லாம் கழிச்சா பதினொரு பள்ளிக்கூட நாள் போயிருக்கு. பதினொண்டுதானே எண்டு நினைச்சுக்கொண்டுதான் போனனான். ஏ.எல்., உயர்தர வகுப்பில பதினொரு நாள் எண்டா என்ன எண்டது முதல் பாடத்திலயே விளங்கிச்சு. நல்லூரில தீர்த்தத்தண்டு போய் நிண்டுகொண்டு, கொடி எப்ப ஏறினது எண்டு பக்கத்தில நிக்கிறவரைக் கேட்டா எப்பிடி இருக்கும், அப்பிடி இருந்தன். எல்லாரும் ஏதோ ஒரு படத்தைச் சுருட்டி மேசையில விரிக்கினம், நூல் எடுக்கினம், என்னட்டை நூலும் இல்லை படமும் இல்லை. என்ரை வாங்கில வேற ஒரு பிள்ளை இருக்கிறா, என்னைக் கண்டிட்டு அரக்கி இடம் விட்டா. ரீச்சர் உள்ள வந்து, சுகமோ பிள்ளை, நல்லா வாடிப்போனீர், எண்டு கேட்டிட்டு அதே மூச்சில, கெதியா நோட்ஸை எழுதி முடியும், வெள்ளிக்கிழமை வீட்டுவேலை எல்லாரும் தரவேணும் எண்டா. அண்டைக்குப் புதன்கிழமை.

நான் படிக்கிறது புவியியல், தமிழ், அரசறிவியல். மூண்டுமே எழுத்துப் பாடம். கணக்குப் படிக்கிற பிள்ளையள் ஒரு சூத்திரத்தோட தப்பிப் போகலாம், எங்களுக்கு அப்பிடி இல்லை, சேர்மார் கதைக்கிறது முழுக்க நோட்ஸ்தான். காய்ச்சலாக் கிடக்கேக்கயே வகுப்புக் குறூப்பில கொப்பியளைப் போட்டோ எடுத்துப் போட்டவளவைதான், மொத்தம் அறுபத்துநாலு போட்டோ, அதில முக்கால்வாசியில போன் பிடிச்ச கையின்ரை நிழல் நடுப்பக்கத்தில விழுந்து கிடக்கு, மிச்சத்தில கடைசி வரி இல்லை. பெரிசாக்கிப் பெரிசாக்கி வாசிக்க கண் குத்தத் தொடங்கிட்டு, அம்மா போனைப் பறிச்சுக்கொண்டு போயிட்டா. சரி கொப்பியை வாங்கிப் போட்டோக்கொப்பி அடிப்பம் எண்டு நான் சொல்ல, அம்மா சொன்னா, "போட்டோக்கொப்பி அடிச்சா அது பைலுக்குள்ள இருந்து தானாப் படிச்சுக்கொண்டிருக்கும், நீ உன்ரை பாட்டில இருப்பாய். கையால எழுது பிள்ளை." இதுக்கு மறுமொழி சொல்ல ஏலாது, ஏனெண்டா போன வருசம் அடிச்ச போட்டோக்கொப்பிக் கட்டு இன்னும் பைலுக்குள்ள நூல் அவிழ்க்காமத்தான் கிடக்கு.

அப்ப ஆற்றை கொப்பியை வாங்கிறது? எங்கட வகுப்பில நோட்ஸுக்குப் பேர்போன ஆக்கள் ரெண்டு பேர்.

ஒருத்தியின்ரை கொப்பியைப் பாத்தா கும்பிடவேணும் போல இருக்கும். முத்து முத்தா எழுத்து, தலைப்புக்கு ஒரு நிறம், உபதலைப்புக்கு ஒரு நிறம், முக்கியமான இடத்துக்கு அடிமட்டம் வைச்சுச் சிவப்புப் பெட்டி. இடதுபக்க ஓரத்தில ஒரு எழுத்துக்கூட வெளிய வராது. ஒரு வரிக்குள்ள அடங்காத சொல்லு வந்தா அவள் அந்தச் சொல்லை மாத்திப்போட்டு அடங்கிற சொல்லா எழுதுவாள், அப்பிடி ஒரு ஆள். மற்றவளுக்கு நாங்கள் வைச்ச பேர் ரேப் றெக்கோடர். கோழி கிளறின மாதிரி எழுத்து, அவள் சேர் வாய் திறந்தா எழுதத் தொடங்கி மூடினாத்தான் நிப்பாட்டுவாள், எது பாடம் எது பகிடி எண்டெல்லாம் பிரிக்கிறேல்லை. அவளின்ரை அரசறிவியல் கொப்பியில 1947ஆம் ஆண்டு சோல்பரி அரசியலமைப்பு எண்டு தொடங்கிற பந்திக்கு நடுவில "மூண்டாம் வாங்கு என்ன சிரிப்பு எழும்பி நில்லும்" எண்டும் கிடக்கும், அடுத்த வரியில 29ஆம் பிரிவு எண்டும் கிடக்கும். வெளிய மாங்காய் விழுந்தாலும் எழுதிப்போடுவாள்.

நீங்களே சொல்லுங்கோ, நாளைக்கு மறுநாள் வீட்டுவேலை குடுக்கவேணும், உடம்பில தெம்பில்லை, ரெண்டு கொப்பியும் கையில கிடக்கு, எதைப் பாத்து எழுதுவியள்? நானும் அதைத்தான் செய்தனான்.

ஒண்டரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தா முந்தியெண்டா சாப்பிட்ட கையோட நாலு மணி ரியூசனுக்கு வெளிக்கிடுவன். இப்ப சோத்துக்கோப்பைக்கு முன்னாலயே நித்திரை. காய்ச்சல் விட்டாலும் இந்தக் களைப்பு விடாது, மூண்டு நாலு கிழமைக்கு இருக்குமாம். கண்ணை மூடித் திறந்தா அஞ்சரை, முற்றத்தில அம்மா கூட்டிற சத்தம், காகம் எல்லாம் பனைக்குப் போகுது, நான் திடுக்கிட்டு விடிஞ்சிட்டுது எண்டு எழும்பி யூனிபோமைத் தேடினனான் ஒருநாள். பிறகு முகம் கழுவி, தேத்தண்ணியும் ரெண்டு றஸ்க்கும், கட்டில்ல இல்லை மேசையிலதான் எண்டு சத்தியம் பண்ணிக்கொண்டு இருப்பன். நுளம்புக்குப் பயத்தில அப்பா யன்னலுக்கெல்லாம் வலை அடிச்சிட்டார், டெங்கு நுளம்பு பகலிலதான் கடிக்கிறது எண்டு பி.எச்.ஐ. சொன்னதைச் சொன்னா, வாற நுளம்பு பேரைச் சொல்லிக்கொண்டோ வருது எண்டு ஏச்சு. காத்து வராது. ஒரு பக்கத்தில கொப்பி, மற்றப் பக்கத்தில என்ரை புதுச் சீ.ஆர். கொப்பி, பாத்துப் பாத்து எழுதிறது.

பாத்து எழுதிறது எண்டது ஒரு விசர்வேலை, செய்து பாத்தவைக்குத் தெரியும். முதல் ரெண்டு பக்கமும் விளங்கி எழுதுவம். மூண்டாம் பக்கத்தில இருந்து கண்ணுக்கும் கைக்கும் இடையில மண்டை எண்ட ஒரு சாமான் இருக்கிறதே மறந்துபோம். ஒரே சொல் ரெண்டு வரியில வந்தா நடுவில உள்ளதை விழுங்கிப்போட்டு அடுத்த வரிக்குப் பாஞ்சிடுவன், பத்து நிமிசம் கழிச்சுத்தான் இதென்ன வசனம் முடியேல்லை எண்டு பிடிபடும். ஆனாலும் அந்தக் கொப்பியைப் பாத்து எழுதேக்க என்ரை எழுத்தும் வடிவா வந்தது, நானும் சிவப்புப் பேனை எடுத்துப் பெட்டி போட்டன், வியாழக்கிழமை இரவு பத்தரைக்கு புவியியல் முழுக்க எழுதி முடிச்சு கொப்பியை மணந்து பாத்திட்டுப் படுத்தன்.

வீட்டுவேலை என்னெண்டா இடவிளக்கப் படம். ஐம்பதாயிரத்தில ஒண்டு அளவுத்திட்டம், ஒரு துண்டுப் படம் தந்து, ஒரே உயரத்தில இருக்கிற இடங்களைத் தொடுக்கிற சமவுயரக் கோட்டைப் பாத்துக் குறுக்கு வெட்டுமுகம் கீறவேணும், பாலத்தில இருந்து கோயில் வரைக்கும் றோட்டு எவ்வளவு தூரம் எண்டு கண்டுபிடிக்கவேணும். முதல்ல ஒரு மனத்தாங்கலைச் சொல்லுறன். யாழ்ப்பாணத்துப் பிள்ளையிட்டை வந்து சமவுயரக் கோட்டைக் குடுத்து மலையை நினைச்சுப் பார் எண்டா என்னெண்டு நினைக்கிறது? எங்களிட்டை எங்க மலை கிடக்கு? கீரிமலையில பேரில மட்டும்தான் மலை, போய்ப் பாத்தா கேணியும் கடலும். நான் என்ரை வாழ்க்கையில ஏறின ஆகப்பெரிய உயரம் நயினாதீவுக்குப் போகேக்க வள்ளத்தில இருந்து இறங்குதுறைக்கு ஏறினதுதான். பிதுருதலாகலை 2,524 மீற்றர் எண்டு சின்ன வகுப்பில இருந்து பாடமாக்கி வைச்சிருக்கிறன், அது எனக்கு ஒரு நம்பர், அவ்வளவுதான். சரி, அது போகட்டும், கோடு நெருக்கமா இருந்தா செங்குத்து, விலகி இருந்தா சாய்வு குறைவு எண்டு வெட்டுமுகத்தை ஒருமாதிரிக் கீறிப்போட்டன்.

தூரம் லேசு. றோட்டு நேரா இல்லாதபடியா அடிமட்டம் வைக்க ஏலாது, அம்மாவின்ரை தையல் பெட்டியில இருந்து கறுத்த நூல் எடுத்து, ஒரு நுனியைப் பாலத்தில பெருவிரலால அமத்திக்கொண்டு, ஒவ்வொரு வளைவுக்கும் வளைச்சு வளைச்சுக் கோயிலடி வரைக்கும் கொண்டுபோய், அந்த இடத்தில நகத்தால அடையாளம் பிடிச்சு, நூலை நிமித்தி அடிமட்டத்தில வைச்சா ஏழு சென்ரிமீற்றர். கொப்பியைப் பாத்தன். சிவப்புப் பெட்டிக்குள்ள வடிவாக் கிடக்கு, ஒரு சென்ரிமீற்றர் சமன் 5 கிலோமீற்றர். ஏழஞ்சு முப்பத்தஞ்சு. 35 கி.மீ எண்டு எழுதி ரெண்டு கோடு கீறி முடிச்சன். விளங்கி எழுதினனானோ எண்டு கேட்டா, அந்த நேரம் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்.

திங்கக்கிழமை ரீச்சர் தாள்களைக் கொண்டுவந்து மேசையில வைச்சிட்டு ஒண்டும் சொல்லாம கொஞ்ச நேரம் எங்களையே பாத்துக்கொண்டு நிண்டா. அது நல்ல சகுனம் இல்லை. பிறகு என்ரை தாளை எடுத்தா.

"பிள்ளை, இந்தப் பாலத்தடியில இருந்து கோயிலுக்கு எவ்வளவு தூரம்?"

"முப்பத்தஞ்சு கிலோமீற்றர் ரீச்சர்."

"யாழ்ப்பாணத்தில இருந்து பருத்தித்துறைக்கு எவ்வளவு?"

எனக்கு அப்பவே வயித்துக்குள்ள கலக்கத் தொடங்கிட்டு. பருத்தித்துறை பஸ்ஸில ஏறினா நித்திரை கொண்டு எழும்பலாம், அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான்.

"அப்ப இந்த ஊர்ச்சனம் கோயிலுக்குப் பூசைக்குப் போறதெண்டா கட்டுச்சாதம் கட்டிக்கொண்டோ போறது? கையளவு படத்துக்குள்ள பருத்தித்துறை றோட்டை எப்பிடி மடிச்சு வைச்சனீர்?"

வகுப்பு சிரிச்சுது. ரேப் றெக்கோடர் எழுதிக்கொண்டிருந்தாள், அதை நான் என்ரை கண்ணால கண்டன். ஆனா ரீச்சர் அதோட விடேல்லை, இன்னும் அஞ்சு தாளை எடுத்து ஒவ்வொருத்தரா எழுப்பினா, அந்த அஞ்சு பேருக்கும் முப்பத்தஞ்சு. "ஆற்றை கொப்பி?" எண்டு மட்டும் கேட்டா. ஆறு பேரும் வாய் திறக்கேல்லை. திறக்கத் தேவையும் இல்லை, ஏனெண்டா ஆறு பேற்றை தாளிலயும் அதே இடத்தில அதே சிவப்புப் பெட்டி. பத்துப் புள்ளியில எனக்கு நாலு. வெட்டுமுகத்துக்குக் கிடைச்ச நாலு.

ஆனா பகிடி என்னெண்டா, முத்தெழுத்துக்காரிக்குப் பத்துக்குப் பத்து. அவள் மூண்டரை எண்டு சரியாத்தான் எழுதியிருக்கிறாள்! எனக்கு வந்த கோவத்தைச் சொல்ல ஏலாது. இடைவேளைக்கு அவளைப் பிடிச்சு, எடி, எங்களுக்கு ஒரு கொப்பி உனக்கு ஒரு கொப்பியோ எண்டு கேட்டிட்டன், அவளுக்குக் கண்ணெல்லாம் கலங்கிட்டுது, நான் சரியாத்தானேடி எழுதினனான் எண்டு கொப்பியைத் திறந்து காட்டிறாள். பாத்தா, அஞ்சு. அவளே திகைச்சுப்போனாள். பிறகு யன்னலடியில வெளிச்சத்துக்கு அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடிச்சுப் பாத்தம். அவள் முதல்ல நீலப் பேனையால ஒரு புள்ளி வைச்சு அஞ்சு போட்டிருக்கிறாள், முன்னால சைபர் போடேல்லை, வெறும் புள்ளியும் அஞ்சும். பிறகு வழக்கம்போல அடிமட்டம் வைச்சு சிவப்புப் பெட்டி அடிச்சிருக்கிறாள். பெட்டியின்ரை இடதுபக்கக் கோடு நேர அந்தப் புள்ளிக்கு மேலால போயிருக்கு. வெளிச்சத்தில பிடிச்சா அந்தச் சிவப்புக் கோட்டில ஒரு இடம் மட்டும் கறுத்து, சுள்ளெறும்பின்ரை தலையளவு. அவளுக்கு அது தெரியும், ஏனெண்டா அவள்தானே வைச்சவள், அவளின்ரை மண்டைக்குள்ள புள்ளி இருக்கு. எங்களுக்குக் கோடுதான் தெரிஞ்சது.

பின்னேரம் வீட்ட வந்து ரேப் றெக்கோடரின்ரை கொப்பியை எடுத்துத் தேடினன். கோழி கிளறலுக்குள்ள கண்டுபிடிக்கவே கால் மணித்தியாலம் போச்சு. இப்பிடிக் கிடந்தது: "ஐம்பதாயிரத்தில ஒண்டு எண்டா படத்தில 1 செ.மீ தரையில 50,000 செ.மீ அதாவது 500 மீற்றர் அதாவது அரைக் கிலோமீற்றர் அரை அரை அரை எண்டு மூண்டு தரம் சொன்னவ ஆராவது அஞ்சு எண்டு எழுதினா கையை முறிப்பன் எண்டவ மழை வருது யன்னலைப் பூட்டச் சொன்னவ."

அம்மாவிட்டை இதைச் சொன்னன். அவ பயறு பொறுக்கிக்கொண்டிருந்தவ, தலையை நிமித்தாம, "அலகைப் பாக்கமாட்டியோ?" எண்டு மட்டும் கேட்டா. பதினேழு நாளா மனசுக்குள்ள வைச்சிருந்திருக்கிறா.

அடுத்த நாள் தமிழ்ப் பாடத்துக்கு சேர் வரேக்கயே சிரிச்சுக்கொண்டு வாறார், ஸ்ராவ் றூமில கதை போயிட்டுது. "ஒரு புள்ளி போய் ஆறு பேருக்குப் புள்ளி போச்சாமே" எண்டார். பிறகு பாடத்தைத் தொடங்காம போட்டில பெரிசா செறு எண்டு எழுதிப்போட்டு இது என்ன எண்டு கேட்டார். செறு சேர், வயல் எண்டு முன்வாங்கு சொல்லிச்சு. "வயலோ சேறோ?" எண்டார். எங்களுக்கு விளங்கேல்லை. அப்பதான் ஏட்டுக் கதை வந்தது. ஓலையில எழுத்தாணியால எழுதேக்க புள்ளி குத்தினா ஓலை பொத்துப்போம், அதால மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதிக்கொண்டு போவினம், எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு, ஒகரம் ஓகாரமும் அப்பிடித்தான், ரகரமும் அரவும் எண்டு நாங்கள் சொல்லுற காலும் ஒரே மாதிரி இருக்கும். வாசிக்கிறவர்தான் இடம்பாத்து புள்ளியை மனசுக்குள்ள போட்டு வாசிக்கவேணும். அதை இன்னொருத்தர் பாத்துக் கொப்பி பண்ணேக்க அவருக்கு விளங்கினபடி எழுதுவார், அவற்றை ஏட்டைப் பாத்து இன்னொருத்தர், இப்பிடியே நூறு வருசம் இருநூறு வருசம் போனா ஒரே பாட்டு நாலு ஏட்டில நாலு விதமாக் கிடக்கும். அதுக்குப் பேர் பாடபேதம். இந்தச் சொல்லை நான் ஒரு வருசமாப் பாடமாக்கி வைச்சிருந்தனான், அண்டைக்குத்தான் அது என்னெண்டு தெரிஞ்சது.

சிறுப்பிட்டிச் சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல கலித்தொகையை அச்சில கொண்டுவரேக்க இந்த வேலையைத்தான் செய்தவர் எண்டார் சேர், ஊர் ஊரா ஏடு தேடி, தொட்டா ஓரம் உதிருற ஓலையளை வைச்சு, ஒண்டோட ஒண்டை ஒப்பிட்டு. சிறுப்பிட்டி எங்கட அம்மம்மா வீட்டில இருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம், எத்தினை தரம் அந்தப் பக்கத்தால போயிருப்பன். கடைசில சேர் என்ரை பக்கம் திரும்பி, "உம்மட பிழை ஒரு ஏட்டைப் பாத்து எழுதினது இல்லைப் பிள்ளை, கையில ரெண்டு ஏடு இருந்தும் வடிவான ஏட்டை மட்டும் பாத்தது" எண்டு சொல்லிப்போட்டு, சரி புத்தகத்தை எடுங்கோ எண்டார். நான் ரெண்டு கொப்பி வாங்கினது சேருக்கு எப்பிடித் தெரியும் எண்டுதான் எனக்கு இன்னும் விளங்கேல்லை.

சனிக்கிழமை பொது நூலகத்துக்குப் போனனான். வீட்டில இருக்க ஏலாது, ஒவ்வொரு நாளும் ஆராவது மோல்ற் மா ரின்னும் தோடம்பழமும் கொண்டு சுகம் விசாரிக்க வருகினம், வந்தா நான் முன்னால போய் இருந்து பிளேற்லெட் கதையை முதல்ல இருந்து சொல்லவேணும். நூலகத்தில வாசல்ல சரஸ்வதியைக் கும்பிட்டிட்டு மேல போய் யன்னலோரமா ஒரு மேசை பிடிச்சு ரெண்டு கொப்பியையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு ஒப்பிட்டு எழுதினன், இந்த முறை மெதுவா. இந்த நூலகத்தை 1981இல எரிச்சது எண்டது இஞ்ச பிறந்த எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், 97,000 புத்தகம் எண்டு நம்பரும் தெரியும், ஆனா எரிஞ்சதுக்குள்ள ஏட்டுச்சுவடியளும் கிடந்தது எண்டதை நான் அண்டைக்குத்தான் வேற மாதிரி நினைச்சன். ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு ஏடு இல்லாட்டி?

அண்டைக்கு இரவு அம்மா ஒரு கதை சொன்னா, முந்தி ஒருக்காவும் சொல்லாதது. 1995 ஒக்ரோபர் 30 சண்டையால ஊரோட இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலம் தாண்டிப் போகேக்க அம்மா ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடக் கொப்பி எல்லாத்தையும் உரப்பையில கட்டி வீட்டுப் பறணில வைச்சிட்டுப் போயிருக்கிறா, ரெண்டு மூண்டு நாளில திரும்பிடலாம் எண்டுதானே போனது. அடுத்த வருசம் சித்திரை போலதான் திரும்பினது. வந்து பாத்தா பறணில உரப்பை அப்பிடியே இருக்காம், கையைப் போட்டா உள்ள கொப்பி இல்லை, கறையான் புத்து. மட்டை மட்டும் மிஞ்சியிருந்ததாம். பிறகு ஒரு பிள்ளையின்ரை கொப்பியை மூண்டு பேர் மாறி மாறி வாங்கி ஜாம் போத்தல் விளக்கில எழுதினவையாம், ஒரு ஆளுக்கு ஒரு இரவு, விடிய அடுத்த ஆளிட்டைக் குடுத்திடவேணும். "அதில பிழை இருந்ததோ அம்மா?" எண்டு கேட்டன். "ஆருக்குத் தெரியும், மூண்டு பேரும் ஒரே பிழையைத்தானே எழுதியிருப்பம்" எண்டு சிரிச்சா.

இப்ப அரசறிவியல்ல நிக்கிறன். வடிவான கொப்பியில 29ஆம் பிரிவு ஒரு வரி, சிறுபான்மையினர் பாதுகாப்பு, 1972இல நீக்கப்பட்டது, பெட்டி. மற்றக் கொப்பியில ஒண்டரைப் பக்கம், ஒரு சமயத்துக்கோ சமூகத்துக்கோ பாரபட்சமாச் சட்டம் போடக்கூடாது எண்டதுதான் அந்தப் பிரிவு எண்டதும், சேருக்கு அண்டைக்குத் தடிமன் எண்டதும். ரெண்டையும் சேத்து எழுதிறதால ஒரு மணித்தியால வேலை மூண்டு மணித்தியாலம் போகுது. தடிமனை மட்டும் விட்டிட்டன்.

நேத்து இரவு புவியியல் அடுத்த பாடத்துக்கு ஒப்பிட்டுக்கொண்டு வாறன், ரேப் றெக்கோடரின்ரை கொப்பியில ஒரு அருவியின்ரை நீளம், ரெண்டுக்கும் நாலுக்கும் இடையில ஒரு கறுத்தப் புள்ளி. ரெண்டு தசம் நாலு கிலோமீற்றர். வடிவான கொப்பியில இருபத்திநாலு எண்டு கிடக்கு, பெட்டியும் இல்லை கோடும் இல்லை. ஆகா, பிடிச்சிட்டன் எண்டு சிவப்புப் பேனையை எடுத்தன், எடுத்திட்டு எதுக்கும் எண்டு அந்தப் புள்ளியை நகத்தால மெதுவாச் சுரண்டிப் பாத்தன். பாதி உதிர்ந்து வந்திட்டுது. ஒரு சின்னக் காலும் கிடந்தது. அடிச்ச நுளம்பு.

ஆனா பாதிதான் வந்தது, அடியில நீலமா ஏதோ கிடக்கிற மாதிரியும் கிடக்கு, இல்லாத மாதிரியும் கிடக்கு. பத்து மணிக்கு அவளுக்கு வொய்ஸ் போட்டன், எடி உன்ரை அருவி எத்தினை கிலோமீற்றர் எண்டு. ரெண்டு நீலச் சரியும் விழுந்திட்டுது, மறுமொழி இன்னும் இல்லை. நாளைக்கு ஏழரைக்கு வகுப்பு வாசல்ல வைச்சுப் பிடிக்கவேணும்.